தங்கச்சி மகன் கல்யாணமும் 1866ஆம் வருஷத்துப் பதிவேடும்

இது நீண்ட பதிவு. சாவகாசமாக உட்காரும்போது படியுங்கள். ஏழாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு இது பழக்கம்தான். மணி அடித்த பிறகும் டீச்சர் நிறுத்த மாட்டாள்.

என் தங்கச்சி மகன் அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்தில் வேலை பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன மே மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் அந்த ஊர்க்காரி, கறுப்பினத்தைச் சேர்ந்தவள், நர்ஸ் வேலை. இங்கிருந்து நானும் தங்கச்சியும் மட்டும்தான் போனோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டதும் வந்த கேள்விகளை நான் மறக்கவில்லை. "ஆபீஸில் பேப்பர் வாங்கினால் அது கல்யாணமா?" என்று கேட்டது வேறு யாருமில்லை, என் உடன்பிறந்த அண்ணன். அப்போது நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த வழியில்.

முதலில் அந்தப் பேப்பர் கதை. அமெரிக்காவில் கல்யாணப் பதிவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே புத்தகம் கிடையாது. மாநிலங்கள் 50. அவற்றுக்குள் கவுண்டி என்று 3000க்கும் மேலே. நம் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் நடுவே ஓர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் செய்ய நினைக்கும் இருவரும் கவுண்டி ஆபீஸுக்குப் போய் லைசென்ஸ் வாங்க வேண்டும். வெர்ஜீனியாவில் அதைக் கொடுப்பவர் சர்க்யூட் கோர்ட் கிளார்க். லைசென்ஸ் என்பது அனுமதி மட்டுமே. கையில் வாங்கிய உடனே கல்யாணம் ஆகிவிடாது. அதற்குப் பிறகு பாதிரியாரோ, நீதிபதியோ, அதிகாரம் பெற்ற வேறொருவரோ நடத்திவைத்து, கையெழுத்துப் போட்டு, அதே தாளைக் கவுண்டிக்குத் திருப்பி அனுப்புவார். கிளார்க் அதைப் புத்தகத்தில் ஏற்றியதும்தான் அது பதிவு.

விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெர்ஜீனியாவில் காத்திருக்க வேண்டியதில்லை, 60 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். நியூயார்க்கில் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். டெக்சாஸில் 72 மணி நேரம். பென்சில்வேனியாவில் குவேக்கர் மரபை ஒட்டி, நடத்திவைப்பவர் இல்லாமலே மணமக்கள் தாங்களே செய்துகொள்ளும் லைசென்ஸ் உண்டு. லாஸ் வேகாஸ் இருக்கிற கிளார்க் கவுண்டியில் அந்த ஆபீஸ் நள்ளிரவு வரை திறந்திருக்குமாம். நம் ஊரில் நள்ளிரவு வரை திறந்திருப்பது பரோட்டாக் கடைதான்.

இந்த லைசென்ஸ் முறை இங்கிலாந்துச் சர்ச்சிலிருந்து வந்தது. அங்கே கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் சர்ச்சில் அறிவிக்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர் எழுந்து சொல்லலாம். அவசரக்காரர்களும் வசதி உள்ளவர்களும் பிஷப்பிடம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கி அந்த அறிவிப்பைச் சுருக்கிக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியரும் அப்படித்தான். 1582 நவம்பர் 27ஆம் தேதி வூஸ்டர் பிஷப்பின் பதிவேட்டில் அவருக்கு லைசென்ஸ் கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. மணப்பெண் பெயர் ஆன் வேட்லி! மறுநாள் எழுதிய 40 பவுன் பிணைப்பத்திரத்தில் ஆன் ஹாத்வே. இரண்டு பெண்களா என்று ஆராய்ச்சியாளர்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள். குமாஸ்தா கை தவறி வேறொரு பெயரை எழுதிவிட்டார் என்பதுதான் பெரும்பாலோர் முடிவு. நாற்பது வருஷம் வருகைப் பதிவேடு எழுதியவள் என்ற முறையில் எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

கப்பலேறி அமெரிக்கா போனவர்கள் இந்த வழக்கத்தையும் கொண்டுபோனார்கள். வெர்ஜீனியா, கென்டக்கி, வட கரோலினா பக்கங்களில் பல காலம் மாப்பிள்ளையும் ஒரு ஜாமீன்காரரும் கவுண்டி கோர்ட்டில் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. சட்டத் தடை ஏதாவது மறைத்தது தெரிந்தால்தான் கட்ட வேண்டும். இப்படியான ஒரு பத்திரம் ஒரு ஜனாதிபதியின் மானத்தையே காப்பாற்றியது.

ஆபிரகாம் லிங்கனின் அப்பா அம்மாவுக்கு முறையாகக் கல்யாணமே ஆகவில்லை என்று அவருடைய எதிரிகள் வதந்தி கிளப்பினார்கள். குடும்பம் பிறகு வாழ்ந்தது கென்டக்கியின் ஹார்டின் கவுண்டி. அங்கே தேடியவர்களுக்குக் கிடைத்தது அவர் அப்பா 1819இல் செய்த இரண்டாம் கல்யாணத்தின் பதிவுதான். முதல் கல்யாணத்துக்குச் சான்று இல்லை. லிங்கன் 1865இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கும் பல வருஷம் கழித்து, பக்கத்தில் இருந்த வாஷிங்டன் கவுண்டியின் கோர்ட் கட்டில் அது கிடைத்தது. 1806 ஜூன் 10ஆம் தேதியிட்ட பிணைப்பத்திரம், தாமஸ் லிங்கனின் கையெழுத்தோடு. ஜூன் 12ஆம் தேதி கல்யாணம் நடத்திவைத்ததாக ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் கொடுத்த கணக்கும் அங்கேயே இருந்தது. எத்தனை வருஷம் தேடினாலும், தேடின கவுண்டி தப்பு! பழைய பதிவு தேடும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: ஆள் எங்கே வாழ்ந்தார் என்று பார்க்காதீர்கள், பெண் வீடு எந்தக் கவுண்டியில் இருந்தது என்று பாருங்கள். அந்த வருஷத்தில் கவுண்டியின் எல்லை எதுவாக இருந்தது என்றும் பாருங்கள். ஒன்றை இரண்டாக, மூன்றாகப் பிரித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். புத்தகம் பழைய கவுண்டியிலேயே தங்கியிருக்கும். அதுவும் தப்பிப் பிழைத்திருந்தால். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியின் பழைய பதிவுகள் 1871ஆம் வருஷத்துப் பெருந்தீயில் போய்விட்டன.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு பெண்ணின் பாட்டி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். எண்பது தாண்டியவர், அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் இருவருக்கும் பேச மொழி பெரிய தடையாக இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்த நகலை எடுத்து மேஜையில் வைத்தார். பெரிய பேரேட்டுப் பக்கம் ஒன்று, கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. கணவன் பெயர், வயது, பிறந்த இடம், தொழில். அடுத்த கட்டத்தின் தலைப்பைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. "கடைசி உடைமையாளர்" என்று இருந்தது. மனைவிக்கும் அதே கட்டம். பிறகு பிள்ளைகளின் பெயர், வயது. சேர்ந்து வாழத் தொடங்கிய தேதி. பாட்டியின் முன்னோருக்கு அந்தக் கட்டத்தில் 1849 என்று எழுதியிருந்தது.

அடிமைகளுக்குச் சட்டப்படி கல்யாணம் கிடையாது. ஒப்பந்தம் செய்ய உரிமை இல்லாதவருக்குக் கல்யாண ஒப்பந்தம் மட்டும் எப்படி வரும் என்பது அன்றைய சட்டத்தின் வாதம். அவர்கள் துடைப்பத்தைத் தாண்டி, பெரியவர்கள் முன்னால் வாக்குக் கொடுத்து வாழ்ந்தார்கள். எஜமான் கடனில் விழுந்தால் கணவனை ஒரு மாநிலத்துக்கும் மனைவியை இன்னொரு மாநிலத்துக்கும் விற்கலாம். கேட்க ஆளில்லை, காட்டப் பேப்பர் இல்லை. உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, 1864இல், மிசிசிப்பி ஆற்றோர முகாம்களில் ராணுவத்தார் இவர்களுக்குக் கல்யாணம் செய்துவைத்துப் பதிந்தார்கள். முன்பு வேறு துணையோடு எத்தனை வருஷம் வாழ்ந்தீர்கள், எதனால் பிரிந்தீர்கள் என்ற கேள்விகளும் அந்தப் பதிவேடுகளில் உண்டு. சாவு என்று சில பதில்கள். விற்பனை என்று சில.

போர் முடிந்த பின் வெர்ஜீனியா 1866 பிப்ரவரி 27ஆம் தேதி ஒரு சட்டம் செய்தது. அன்று கணவன் மனைவியாக வாழ்ந்துகொண்டிருந்த விடுதலை பெற்றவர்கள் எல்லாரும் சட்டப்படி தம்பதிகள், அவர்களுடைய பிள்ளைகள் சட்டப்படியான வாரிசுகள் என்றது அது. அதற்காகக் கவுண்டி கவுண்டியாக எடுத்த பதிவேடுதான் பாட்டியின் கையில் இருந்தது. எல்லாக் கவுண்டிகளிலும் அவை பிழைக்கவில்லை. வட கரோலினாவில் கவுண்டி கிளார்க் முன்னால் போய், நாங்கள் தம்பதி என்று சொல்லி 25 சென்ட் கட்ட வேண்டும். நேற்றுவரை கூலியே இல்லாமல் உழைத்தவர்கள் அதைக் கட்டினார்கள். அந்தப் பேப்பருக்காக நடந்தே வந்தார்கள். போரில் செத்த கறுப்பினச் சிப்பாய்களின் மனைவிமார் பென்ஷன் கேட்கப் போனபோது, கல்யாணச் சான்று எங்கே என்றுதான் முதல் கேள்வி. இருந்தவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. இல்லாதவர்கள் சாட்சி தேடி அலைந்தார்கள்.

பாட்டி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்கப் பதினொரு வருஷம் ஆனதாம். லிங்கன் கதைதான், வேறு கவுண்டியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். உடைமையாளர் குடும்பம் இடம் மாறியபோது இவர்களையும் கூட்டிப் போயிருக்கிறது.

பாட்டிக்கு இன்னொரு கதையும் தெரியும். அது அவர் காலத்திலேயே நடந்தது. வெர்ஜீனியாவில் 1924இல் ஒரு சட்டம் வந்தது. வெள்ளையர் வெள்ளையரைத்தான் மணக்கலாம். லைசென்ஸ் கொடுக்கும் கிளார்க்தான் காவல்காரர், இனத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கொடுக்கக் கூடாது. கரோலைன் கவுண்டியைச் சேர்ந்த ரிச்சர்ட் லவிங் வெள்ளையர், மில்ட்ரெட் ஜீட்டர் அப்படி இல்லை. 1958 ஜூன் 2ஆம் தேதி தலைநகர் வாஷிங்டன் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கு வந்தார்கள். ஐந்தாறு வாரத்தில், ஒரு நடுராத்திரி, ஷெரிப் படுக்கையறைக்குள்ளேயே வந்துவிட்டார். மில்ட்ரெட் சுவரில் மாட்டியிருந்த கல்யாணச் சான்றிதழைக் காட்டினார். அது இங்கே செல்லாது என்று பதில் வந்தது. 1959 ஜனவரியில் தீர்ப்பு: ஒரு வருஷச் சிறை. 25 வருஷம் இருவரும் சேர்ந்து வெர்ஜீனியா பக்கம் வராவிட்டால் சிறை வேண்டாம். தன் அம்மா வீட்டுக்குப் புருஷனோடு சேர்ந்து போகக் கூடாது என்ற தண்டனையை நினைத்துப் பாருங்கள். மில்ட்ரெட் 1963இல் ராபர்ட் கென்னடிக்கு எழுதிய கடிதத்திலிருந்து வழக்கு கிளம்பியது. 1967 ஜூன் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தள்ளியது. அன்றைக்கு 16 மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டம் இருந்தது. லிங்கனின் பெற்றோர் கல்யாணத் தேதியும் ஜூன் 12தான், கவனித்தீர்களா?

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்கள் இதை அடுத்தவர் கதை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பண்ணை வேலைக்குப் போன பஞ்சாபிகள் 1910களிலிருந்து இம்பீரியல் கவுண்டி போன்ற இடங்களில் மெக்சிகோ பெண்களை மணந்தார்கள். பார்வைக்கு இருவரும் ஒரே நிறம் என்று கிளார்க்குக்குத் தோன்றினால் லைசென்ஸ். தோன்றாவிட்டால் வேறு கவுண்டியைப் பார்த்துப் போக வேண்டியதுதான். அந்த மாநிலத்தில் இந்தத் தடை 1948இல் ஆண்ட்ரியா பெரெஸ் வழக்கில்தான் விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கிளார்க் அவருக்கு லைசென்ஸ் மறுத்ததிலிருந்து வந்த வழக்கு அது.

லவிங் தீர்ப்புக்குப் பிறகும் வெர்ஜீனியா விண்ணப்பத்தில் இனம் என்ன என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 2019இல் மூன்று ஜோடிகள் சொல்ல மறுத்துக் கோர்ட்டுக்குப் போய் வென்றார்கள். மறு வருஷம் சட்டமன்றமும் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டது. ஆக, எங்கள் பையன் பூர்த்தி செய்த தாளில் அந்தக் கட்டம் இல்லை.

அங்கே கல்யாணம் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நடத்திவைப்பவர் கொடுக்கும் பூப்போட்ட சான்றிதழ் சட்டகம் போட மட்டும்தான். விசாவுக்கும் பெயர் மாற்றத்துக்கும் கவுண்டி முத்திரை உள்ள சான்று நகல் வேண்டும். இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். இந்தியாவில் காட்ட வேண்டுமானால் அந்த மாநில அரசின் அப்போஸ்டில் முத்திரையும் வாங்குங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படியோ அப்படியே விண்ணப்பத்திலும். இனிஷியலை விரித்து எழுதும் வேலையை அன்றைக்குப் போய் ஆரம்பிக்காதீர்கள்.

கல்யாணம் பாட்டி வீட்டுப் பின்கட்டில் நடந்தது. தாலியும் கட்டினான், மஞ்சள் கயிறு நாங்கள் கொண்டுபோனது. அந்த வீட்டுப் பெரியவர்கள் ஒரு துடைப்பத்தையும் ரிப்பன் சுற்றிக் கீழே வைத்தார்கள். இருவரும் கைகோத்துத் தாண்டினார்கள். என் தங்கச்சி அழுதாள், பாட்டியும் அழுதார்.

லைசென்ஸ் வாங்கிய அன்று நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். விண்ணப்பத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் இருந்த குடும்பப் பெயர் என்ன என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பையன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். தங்கச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு எங்கள் அப்பா பெயரைச் சொன்னாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு அடித்து, சரியா என்று எங்களுக்கே திரும்ப வாசித்துக் காட்டினார். அண்ணா, அப்பா பெயர் இப்போது அந்தக் கவுண்டிப் பதிவில் இருக்கிறது. நகல் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் சொல், அனுப்புகிறேன்.