கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார்: எப்போது நம்பலாம்?

கையின் மேற்புறத்தில் நாணயம் போன்ற வில்லையை ஒட்டியிருக்கும் சர்க்கரை நோயாளிகளை இப்போது ஆங்காங்கே காண்கிறோம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரை அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும் சென்சார் அது. நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு இதன் பயன் பெரிது. ஆனால் அது காட்டும் எண் சில நேரம் தவறலாம். ஏன் என்பதை அறிய, அது இயங்கும் விதத்தைப் பார்ப்போம்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. வெங்காயத் தோலில் கறுப்பாகப் படர்கிறதே, அந்தப் பூஞ்சை இனத்திலிருந்து எடுக்கப்படுவது. பல பொருட்கள் கலந்த திரவத்திலும் குளுக்கோஸைத் தேடிப் பிடித்து எலக்ட்ரான்களைப் பறித்துவிடும். இந்த நொதியை மின்முனையின் மீது சவ்வுக்குள் வைத்துச் சர்க்கரையை அளக்கலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி லீலண்ட் கிளார்க் 1962-ல் காட்டினார். பின்னர் ஆடம் ஹெல்லர், ஆஸ்மியம் கலந்த பாலிமரைக் கொண்டு நொதியையும் மின்முனையையும் கம்பி போட்டது போல இணைத்தார். 2014-ல் ஐரோப்பாவில் அறிமுகமான ஃப்ரீஸ்டைல் லிப்ரே இவ்வழியில் வந்ததே. ஒருமுறை ஒட்டினால் 14 நாட்கள் வேலை செய்யும்.

நொதி எளிதில் ஏமாறாது, மின்முனை ஏமாறும். எலக்ட்ரான் எதிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. எனவே வைட்டமின் சி மாத்திரைகளை அதிக அளவில் எடுத்தால் சில சென்சார்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். வேறு சிலவற்றில் பாராசிட்டமால் அதே வேலையைச் செய்யும். சர்க்கரை உண்மையில் இறங்கியிருக்க, திரையில் எல்லாம் சரியாகத் தெரிவதுதான் இதிலுள்ள ஆபத்து.

தவிர, சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல. தோலுக்கடியில் செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை. ரத்தத்தில் சர்க்கரை வேகமாக இறங்கினால் அது சில நிமிடங்கள் கழித்தே தெரியும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் இல்லாத குறைவையும் காட்டும்.

சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமழான் வழிகாட்டி. வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் இருந்தால் சென்சார் என்ன காட்டினாலும் விரலில் குத்திச் சோதித்துக்கொள்ள வேண்டும். அதனால் நோன்பு முறிவதில்லை என்றும் அவ்வழிகாட்டி கூறுகிறது. இன்சுலின் போடுபவர்கள் ரமழானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, தாங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பெயர்களையும் சொல்லிவிடுவது நல்லது.