ஆயிரத்துக்கு 849: நம் மாவட்டத்தை மாற்றிய மூன்று நோட்டுகள்



உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த அனுபவம் உங்களுக்குப் புதிதல்ல. கர்ப்பமானவுடன் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் வாங்க வேண்டும். அந்த எண்ணைக் காட்டித்தான் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். தடுப்பூசி போடப் போனால் மறுபடியும் அதே கேள்விகள். போதாததற்கு அங்கன்வாடியிலிருந்தும் கணக்கெடுக்க வருவார்கள். "எத்தனை பேர்தான் இதையே கேட்பார்கள்?" என்று அலுத்துக்கொள்ளாதவர் குறைவு.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் நம் சேலம், நாமக்கல் பகுதியின் வரலாறு ஒன்று இருக்கிறது. கேட்கச் சுகமான வரலாறு இல்லை. ஆனாலும் இங்கே குடியிருக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

1991: ஒரு எண் வெளியே வந்தது

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியவில்லை. அது 1997-இல்தான் நடந்தது. அந்த ஒன்றுபட்ட சேலம் மாவட்டத்தில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தார்கள். தமிழ்நாட்டின் சராசரி 948. இயற்கையாகவே ஆண் பிறப்பு சற்று அதிகம்; 1,000-க்கு 950 அளவில் பெண் குழந்தைகள் பிறப்பார்கள். அதை வைத்துப் பார்த்தால் மாநிலச் சராசரியில் பெரிய குறை தெரியவில்லை. நம் மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கு நூறு பெண் குழந்தைகளைக் காணவில்லை.

காரணம் ஊருக்குத் தெரியாததல்ல. கள்ளிப்பாலும் நெல்மணியும் எதற்குப் பயன்பட்டன என்பதை அந்தக் காலத்துப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்கள். 1992-இல் முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் சேலத்தில்தான் தொடங்கினார். "வளர்க்க முடியாவிட்டால் கொல்லாதீர்கள், தொட்டிலில் விடுங்கள், அரசு வளர்க்கும்" என்பதே அதன் சாரம். 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் இத்திட்டம் போனது. பெற்றவர்கள் பிள்ளையைக் கைவிடுவதை அரசே ஒப்புக்கொள்வதாகாதா என்ற விமர்சனமும் அப்போதே எழுந்தது.

ஆனால் 849 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி என்ன செய்ய முடியும்? அது பத்து ஆண்டுக்கு ஒருமுறை வருவது. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்று அது சொல்லாது. அந்தக் குழந்தைகள் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் அது வந்து சேரும்.

நர்ஸம்மாவின் நோட்டு

வீட்டு அளவிலான விவரம் வேறிடத்தில் இருந்தது. சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊரில் யார் முழுகாமல் இருக்கிறார்கள், எப்போது பிரசவம், ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, தடுப்பூசி போட்டாயிற்றா, குழந்தை இறந்திருந்தால் என்றைக்கு, எதனால் என்று எல்லாவற்றையும் அவர் கையால் எழுதி வைத்திருந்தார். இறப்புக்கான காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் காய்ச்சல், குறைப்பிரசவம் என்பவற்றோடு 'சமூகக் காரணம்' என்றும் எழுதப்பட்டது. அதன் பொருள் எல்லோருக்கும் புரிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருந்த இந்தப் பதிவேடுகளைத் திரட்டி ஆராய்ந்தவர்கள் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும். அவர்களின் கட்டுரை 1997-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளியானது. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,000 பெண் சிசுக்கள் கொல்லப்படுவதாக அந்தக் கணக்கு காட்டியது. மாநிலம் முழுதும் பரவிய பழக்கம் இல்லை என்பதும் தெரிந்தது. மதுரையில் தொடங்கி திண்டுக்கல், சேலம், தர்மபுரி வழியாக வடக்கே போகும் ஒரு பட்டையில்தான் இது குவிந்திருந்தது.

அவர்கள் எழுதி வைத்த காரணத்தை மட்டும் நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறந்த முதல் மாதத்தில் ஆண் குழந்தைகள்தான் அதிகமாக இறப்பார்கள். உலகெங்கும் இயற்கை அப்படித்தான். ஓர் இடத்தில் அந்த மாதத்தில் பெண் குழந்தைகள் அதிகம் இறந்தால், நோட்டில் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தாலும் உண்மை மறையாது.

மூன்று நோட்டும் சேர்ந்தபோது

ஒரே குழந்தை மூன்று இடங்களில் பதிவாகியிருக்கும். செவிலியரிடம் தாய் பெயரில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் இருக்கும். 1975-இல் நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடியில் எடையோடும் சத்துமாவோடும் இருக்கும். மூன்றும் மூன்று துறைகள். செவிலியர் பதிந்த கர்ப்பம் பிறப்புப் பதிவேட்டுக்கு வராவிட்டாலோ, பிறந்த குழந்தை அங்கன்வாடிக்கு வராவிட்டாலோ, பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை யாருக்கும் தெரியாது.

சேர்த்துப் பார்த்தபோது என்ன பலன்? ஏற்கெனவே பெண் குழந்தை பெற்ற தாய் மறுபடி கர்ப்பமாக இருக்கிறார் என்றால், பிரசவத்துக்கு முன்பே அந்த வீட்டுக்கு ஆள் போக முடிந்தது. செவிலியரும் தொண்டு நிறுவன ஊழியர்களும் மாமியாரிடமும் கணவரிடமும் உட்கார்ந்து பேசினார்கள். பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தின் வைப்புத் தொகையை எடுத்துச் சொன்னார்கள். தர்மபுரியில் கலைப்பயணம் என்ற பெயரில் ஊர் ஊராக வீதி நாடகம் போட்டார்கள். கணக்கெடுப்பு எண் அவமானத்தைத் தந்தது. நோட்டு, தட்ட வேண்டிய கதவைக் காட்டியது.

ஒரே பாய்ச்சலில் எல்லாம் மாறிவிடவில்லை. 2001 கணக்கெடுப்பில் சேலம் 851-இல் இருந்தது. நாமக்கல் பிரிந்த பிறகான எல்லை என்பதால் பழைய 849-உடன் நேராக ஒப்பிடக் கூடாது, ஆனாலும் நிம்மதி தரும் எண் இல்லை. ஸ்கேன் வந்துவிட்டதால் பிறக்கும் முன்பே கணக்கு முடிக்கப்பட்டது. 1996-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் ஸ்கேன் மையங்களும் பதிவேடு வைக்க வேண்டியதாயிற்று. 2011-இல் சேலம், நாமக்கல், தர்மபுரி மூன்றும் 900-ஐத் தாண்டின. மாநிலச் சராசரியான 943-ஐ இன்னும் தொடவில்லை.

2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் குழந்தை விற்பனைப் புகார் வெடித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போதும் அதிகாரிகள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு அந்தக் குழந்தைகள் உண்மையில் இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்த்தது. காகிதமும் குழந்தையும் தனித்தனியே போனால் என்ன ஆகும் என்பதற்கு அது அண்மைக்கால உதாரணம்.

நம் வாசலுக்கு வருவோம்

நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாப் பதிவேட்டிலும் இருப்பார்கள். நம் காவலாளியின் பிள்ளை? வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பேத்தி? பக்கத்து மனையில் கட்டட வேலை செய்யும் வடமாநிலக் குடும்பத்தின் கைக்குழந்தை? ஆறு மாதத்துக்கு ஓர் ஊர் என்று மாறுகிறவர்களின் குழந்தை எந்த நோட்டிலும் இல்லாமல் போவது மிகச் சுலபம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

1. நகர்ப்புற சுகாதார செவிலியரோ அங்கன்வாடி ஊழியரோ கணக்கெடுக்க வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பதில் சொல்லுங்கள். வளாகத்தில் வேலை செய்வோரின் குடும்பங்களையும் அவரிடம் சொல்லுங்கள்.

2. நம்மிடம் வேலை செய்வோர் வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால், ஆர்.சி.எச். எண் வாங்கியாயிற்றா, புதன்கிழமை தடுப்பூசிக்குப் போனார்களா என்று கேளுங்கள். அதற்காக அரை நாள் விடுப்பு கொடுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள்.

3. இந்த விவரம் எதையும் நம் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். ஊர் பேசும் என்றோ போலீஸ் வரும் என்றோ பயந்தால் ஒரு தாய் செவிலியரிடமே பதிய மாட்டார். பதியாத தாய்க்கு யாராலும் உதவ முடியாது. சொல்ல வேண்டியதைச் செவிலியரிடம் நேரில் சொன்னால் போதும்.

1990-களில் வெயிலில் நடந்து நோட்டில் எழுதிய அந்தச் செவிலியர்களில் பலர் இன்று ஓய்வு பெற்றிருப்பார்கள். உங்கள் உறவிலோ பழக்கத்திலோ அப்படி ஒருவர் இருந்தால், ஒரு மாலை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் இல்லாத பலவற்றை அவர் சொல்லுவார்.