கால்வாய்ப் படகுப் பாத்திரங்கள் (இங்கிலாந்து)

கால்வாய்ப் படகுப் பாத்திரங்கள் என்பவை, இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் சரக்கு ஏற்றிச் சென்ற குறுகிய படகுகளில் குடும்பமாக வாழ்ந்தவர்கள் புழங்கிய, கையால் பூவும் கோட்டையும் தீட்டப்பட்ட தண்ணீர்க் கேன், மொள்ளும் கிண்ணம், வாளி, முக்காலி முதலிய பொருள்கள். இவற்றின் ஓவிய மரபு ‘ரோஜாவும் கோட்டையும்’ எனப்படும். சந்தையில் இவற்றை ‘பார்ஜ்வேர்’ என்பார்கள். பார்ஜ் என்பது அகலமான வேறு வகைப் படகு என்பதால், குறுகிய படகுகளைச் சேர்ந்தவர்கள் அந்தப் பெயரை விரும்புவதில்லை.

வரலாறு

மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுசெல்ல வெட்டப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761-இல் திறக்கப்பட்டது. அதன்பின் ஜேம்ஸ் பிரிண்ட்லி முதலிய பொறியாளர்கள் நடு இங்கிலாந்தில் கட்டிய, படகுகளை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் நீரடைப்புகள் ஏறத்தாழ 7 அடி அகலமே கொண்டவை. அதனால் படகும் 7 அடி அகலத்துக்குள், சுமார் 70 அடி நீளத்தில் அமைந்தது. ரயில் வந்து சரக்குக் கட்டணம் சரிந்ததும், கரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாத படகோட்டிகள் பலர் மனைவி மக்களுடன் படகிலேயே குடியேறினார்கள். பின்புறத்தில் சுமார் 10 அடி நீள அறைதான் வீடு. அடுப்பு, மடக்குக் கட்டில், அலமாரி எல்லாம் அதற்குள்தான். அலமாரிக் கதவைக் கீழே இறக்கினால் அதுவே சாப்பாட்டு மேசை.

இந்தச் சிறிய இடத்தைத்தான் அவர்கள் வண்ணத்தால் நிறைத்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் ஆசிரியராக இருந்த ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழில் 1858-இல் ஜான் ஹாலிங்ஸ்ஹெட் எழுதிய கால்வாய்ப் பயணக் கட்டுரை, படகு ஓவியங்களைப் பற்றிக் கிடைக்கும் பழைய விவரிப்புகளில் முக்கியமானது. மரபு அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது என்பதற்கு அது சான்று.

ஓவியம் எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டச்சு நாட்டார் ஓவியம், ஜிப்சி வண்டி அலங்காரம் என்று பலவற்றைச் சொல்வார்கள். படகு ஓவியரும் ஆய்வாளருமான டோனி லூவரி போன்றோர் உள்ளூர்த் தொழில்களையே சுட்டுகிறார்கள். பர்மிங்ஹாம், வுல்வர்ஹாம்ப்டன் பட்டறைகளில் மெருகுத் தட்டுகளிலும் கடிகார முகப்புகளிலும் தொழிலாளர்கள் இதே போன்ற பூக்களையும் நிலக்காட்சிகளையும் தீட்டி வந்தார்கள். கால்வாய்களும் அந்த ஊர்களின் வழியாகத்தான் ஓடின.

முக்கியப் பொருள்கள்

பக்பி கேன்: குடிதண்ணீர் வைக்கும் தகரக் கேன். லாங் பக்பி என்ற ஊரருகே நீரடைப்பின் ஓரம் இருந்த கடையில் விற்றதால் இந்தப் பெயர் பெற்றது. அடி அகன்று மேலே குறுகும். குட்டைக் கழுத்து, மூடி, முன்புறம் மூக்கு, தூக்க ஒன்றும் சாய்க்க ஒன்றுமாக இரண்டு கைப்பிடிகள். மேலும் கீழும் வண்ணப் பட்டைகள், நடுவில் ரோஜா வரிசை. படகின் கூரையில் புகைபோக்கிக்கு அருகே இதன் இடம்.

மொள்ளும் கிண்ணம்: பக்கவாட்டில் நீட்டிய கைப்பிடியுள்ள தகரக் கிண்ணம். நீர் மொள்ளவும், கைகால் முகம் கழுவவும், பாத்திரம் அலசவும் பயன்பட்டது. அடிப்புறத்திலும் பூ இருக்கும்; மாட்டி வைத்தால் அதுதான் கண்ணில் படும்.

தீனித் தகரம்: படகை இழுக்கும் குதிரையின் முகத்தில் மாட்டும் தீனிக் கலம். கடினமாகப் புழங்கியதால் நல்ல நிலையில் கிடைப்பது அரிது.

மரப்பொருள்கள்: முக்காலி, சீட்டுப் பெட்டி, படியாகவும் உதவிய நிலக்கரிப் பெட்டி, மேசையாகும் அலமாரிக் கதவு. கோட்டைக் காட்சிக்கு உரிய இடம் பெரும்பாலும் அந்தக் கதவுதான்.

இவற்றோடு சேர்த்துச் சேகரிக்கப்படும் இரண்டு பொருள்கள் படகு ஓவிய மரபைச் சேர்ந்தவை அல்ல. ஒன்று, மீஷம் தேநீர்க் குடுவை. பழுப்பு மெருகின்மேல் ஒட்டுப் பூக்களும் வாழ்த்து வாசகமும் பதித்த மண்பாண்டம் இது. மூடியின் குமிழாக ஒரு குட்டிக் குடுவை உட்கார்ந்திருக்கும். தெற்கு டர்பிஷயர் பகுதியில் செய்யப்பட்டு, அக்காலத்தில் ஆஷ்பி கால்வாய்க் கரையில் இருந்த மீஷம் ஊரில் விற்பனையானது. மற்றொன்று, விளிம்பில் துளையிட்டு ரிப்பன் கோத்து அறைச் சுவரில் தொங்கவிடும் பீங்கான் தட்டு.

வரையும் முறை

ரோஜா இரண்டு கட்டமாக உருவாகும். முதலில் அடர்ந்த நிறத்தில் வெறும் வட்டம் இடுவார்கள். அது காய்ந்ததும், நீண்ட மயிர்த் தூரிகையால் ஓர் இதழுக்கு ஒரே இழுப்பு என்று வெளிர்நிறத்தில் இழுப்பார்கள். கருஞ்சிவப்பு வட்டத்தில் சிவப்பு இதழும், காவி வட்டத்தில் மஞ்சள் இதழும், இளஞ்சிவப்பு வட்டத்தில் வெள்ளை இதழும் வழக்கம். பச்சை இலைக்கு மஞ்சளில் நரம்பு. எண்ணெய் வண்ணம் காய்ந்தபின் மேலே வார்னிஷ் பூச்சு. கோட்டைக் காட்சி எந்த ஊரின் கோட்டையும் அல்ல. செந்நிறக் கூரையுள்ள கோபுரங்கள், ஒரு பாலம், ஏரி, பாய்மரம், பின்னால் நீல மலை என்பவையே அதன் உறுப்புகள்.

ஒவ்வொரு படகுத்துறைக்கும் தனக்கென ஒரு கைவண்ணம் இருந்தது. பிரான்ஸ்டன் துறையில் பிராங்க் நர்சர், பான்பரியில் ஹெர்பர்ட் டூலி, ஸ்டோக் பக்கம் மிடில்போர்ட்டில் பில் ஹாட்ஜ்சன் ஆகியோர் பெயர்பெற்ற ஓவியர்கள். ஹாட்ஜ்சனின் ரோஜா பீங்கான் ஓவியத்தை நினைவூட்டும் இயல்பான வடிவம் கொண்டது; அந்தப் பாணியை ‘நாப்ஸ்டிக்’ என்பார்கள். துறை ஓவியர்கள் பெரும்பாலும் கையெழுத்து இடுவதில்லை. எனவே இதழின் வளைவையும் இலையின் அடுக்கையும் வைத்தே ஆளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடையாளம் காணுதல்

முதலில் தூரிகைத் தடத்தைப் பார்க்க வேண்டும். கையால் இழுத்த இதழ் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலியும். விரல் வைத்தால் மேடு தெரியும். இரண்டு பூ அச்சாக ஒன்றுபோல் இராது. பூதக்கண்ணாடியில் நுண்புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு ஒட்டுப்படம்.

அடுத்து தேய்மானம். புழங்கிய கேனில் கைப்பிடிக்கு அடியிலும் மூக்கின் நுனியிலும் அடிவிளிம்பிலும் வண்ணம் தேய்ந்திருக்கும். கை படாத இடத்தில் மட்டும் கீறலும் கைப்பிடியில் பளபளப்பும் இருந்தால் அந்தப் பழமை செயற்கையானது. பழைய வார்னிஷ் மஞ்சளாகிவிடுவதால் வெள்ளை ரோஜா பாலேடு நிறத்தில் தோன்றும்.

மூன்றாவது, பொருளின் வகை. 1962–63 கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்ததோடு சரக்குத் தொழில் பெருமளவு முடிந்துபோனது. பின்னர் உல்லாசப் பயணிகளுக்காகப் பால் கேன், தோட்டத்துப் பூவாளி எனப் பலவற்றிலும் ரோஜா ஏறியது. இவற்றிலும் நல்ல வேலைப்பாடு உண்டு; ஆனால் படகில் புழங்கியவை அல்ல.

நான்காவது, பெயர். கேனில் படகின் பெயரோ உரிமையாளர் பெயரோ எழுதியிருந்தால் மதிப்பு கூடும். மக்கள் குடியிருந்த படகுகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 1877-ஆம் ஆண்டின் கால்வாய்ப் படகுச் சட்டம் விதித்ததால், பதிவேடுகளோடு பெயரை ஒத்துப்பார்க்க வழி இருக்கிறது.

சேகரிப்பும் பராமரிப்பும்

புதிதாகச் சேகரிப்பவர்கள் அதிகம் தவறுவது மறுபூச்சு விஷயத்தில்தான். பிற பழம்பொருள்களில் மறுபூச்சு குறை. இங்கே அது வழக்கம். வெயிலிலும் மழையிலும் கிடந்த கேன் மங்கினால் படகுக்காரர் அதைத் துறையில் கொடுத்துப் புதிதாகத் தீட்டி வாங்குவார். ஒரே கேனில் பல அடுக்கு வண்ணம் இருப்பது அதன் உழைப்புக்குச் சாட்சி. மேலடுக்கைச் சுரண்டி ‘அசலை’ வெளிக்கொணர முயல்வது இரண்டையும் இழக்கும் வேலை.

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். எனவே உப்புத்தாளால் தேய்ப்பதும், அந்தக் கேனில் குடிநீர் வைப்பதும் கூடாது. கரைப்பான்களைத் தவிர்த்து, லேசாக ஈரம் பட்ட மென்துணியால் துடைத்தால் போதும். நேர் வெயில் படாமல் வைக்க வேண்டும். உட்புறம் ஈரம் தங்கினால் தகரம் துருப்பிடித்து வண்ணத்தை அடியிலிருந்து தள்ளிவிடும்.

வாங்குவதற்கு முன் நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது. ஸ்டோக் புரூயர்னில் 1963-இல் தொடங்கிய கால்வாய் அருங்காட்சியகத்திலும், எல்ஸ்மியர் போர்ட்டில் உள்ள தேசிய நீர்வழி அருங்காட்சியகத்திலும் படகு அறைகளையும் ஓவியம் தீட்டிய பொருள்களையும் காணலாம்.