கம்பத்தில் ஏறிய கறுப்புக் கூம்பு

1859 அக்டோபர். ஆஸ்திரேலியாவில் தோண்டிய தங்கத்தோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தது ‘ராயல் சார்ட்டர்’ கப்பல். வேல்ஸ் கரையில், கிட்டத்தட்ட வாசல்வரை வந்துவிட்ட நிலையில், புயல் அதைப் பாறையில் அறைந்து உடைத்தது. சுமார் 450 பேர் மாண்டனர். பிரிட்டனின் வானிலைத் துறையை நடத்திவந்த ஃபிட்ஸ்ராய்க்கு மனசே ஆறவில்லை. டார்வினை ‘பீகிள்’ கப்பலில் அழைத்துப்போன அதே கேப்டன்தான். புயலைவிடத் தந்தி வேகமானது; துறைமுகம்வரை சேதி முந்திக்கொண்டு வந்துவிடும். அங்கிருந்து எழுத்தறியாத படகுக்காரனுக்கு எப்படிச் சொல்வது?

வளையங்களில் கறுப்புக் கித்தான் சுற்றி ஒரு கூம்பும் ஓர் உருளையும் செய்தார். கொடி என்றால் காற்றில் சுருண்டுகொள்ளும். கூம்பு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கூம்புதான். 1861இல் கம்பத்தில் ஏற்றினார். கணிப்பு சில சமயம் பொய்த்தது. கேலி கிளம்பியது, விஞ்ஞானிகளே முகம் சுளித்தார்கள். 1865 ஏப்ரல் 30 அன்று ஃபிட்ஸ்ராய் தன் கையாலேயே உயிரை விட்டார். அடுத்த ஆண்டு கூம்பும் கீழே இறங்கியது.

மறுபடி ஏற்று என்று அங்கே கடலோடிகள் விடவில்லை, 1867இல் ஏறியது. ஆனால் அதற்கு முன்பே, 1864 அக்டோபர் 5 அன்று, கல்கத்தாவை ஒரு புயல் விழுங்கியிருந்தது. ஹூக்ளி ஆற்றில் கடல் ஏறி வந்தது. பலி சுமார் 60,000. ‘சைக்ளோன்’ என்ற சொல்லையே உருவாக்கிய ஹென்றி பிடிங்டன் வாழ்ந்த ஊர் அது. முன்கூட்டிச் சொல்லத்தான் ஆளில்லை. மறு ஆண்டே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அந்த வேலைக்குரிய இந்திய வானிலைத் துறை பிறந்ததே 1875இல்தான்!

பிறகு கூம்பும் உருளையும் மற்றத் துறைமுகங்களுக்கும் பரவின. இரவுக்குச் சிவப்பு, வெள்ளை விளக்குகள். வடிவங்களுக்கு எண்கள் வந்தன. புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடந்தால் 5, வலப்பக்கம் விட்டால் 6, நேரே தலைக்குமேல் வந்தால் 7. கடும்புயல் என்றால் அதே வரிசையில் 8, 9, 10. அதற்கும் மேலே இன்னொன்று இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் பழவேற்காட்டு மீனவரும் கும்மிடிப்பூண்டி ஷிப்டுக்குக் கிளம்புபவரும் கேட்கிற செய்தி இதுதான்: ‘எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்.’ ஃபிட்ஸ்ராயின் கூம்புதான் தமிழில் கூண்டானது.

வரிசையில் கடைசி, 11ஆம் எண். அது புயலின் வேகத்தைச் சொல்வதில்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள்.