கடிகார இயங்குபொறித் தூய்மையாக்கம்

கடிகார இயங்குபொறித் தூய்மையாக்கம் என்பது, சுருள்வில்லாலோ எடைக்குண்டாலோ ஓடும் பொறிமுறைக் கடிகாரத்தின் உட்பகுதியைக் கழற்றி, பழைய எண்ணெய், தூசி, களிம்பு ஆகியவற்றை நீக்கி, மீண்டும் எண்ணெயிடும் பராமரிப்புப் பணியாகும். இயங்குபொறியின் தகடுகளும் பெரிய பற்சக்கரங்களும் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை; தண்டுகளும் சுருள்வில்லும் எஃகால் ஆனவை. அழுக்கைக் கரைக்கும் நீர்மம் இவ்விரு உலோகங்களையும் கெடுக்காதிருக்க வேண்டும் என்பதே இப்பணியின் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

தேவை

ஒவ்வொரு தண்டின் மெல்லிய முனையும் தகட்டில் உள்ள துளையில் சுழல்கிறது. அத்துளையைச் சுற்றியுள்ள சிறு குழியில் ஒரு துளி எண்ணெய் நிற்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல எண்ணெய் தடித்துப் பிசினாகிறது. தூசி சேர்ந்து அது உராய்பசையாக மாறுகிறது. மென்மையான பித்தளையில் பதிந்துகொள்ளும் துகள்கள், அதைவிடக் கடினமான எஃகு முனையையே அறுக்கின்றன. துளையும் வட்ட வடிவம் இழந்து நீள்கிறது. நின்றுபோன கடிகாரத்தைவிட, அழுக்குடன் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரமே மிகுதியாகத் தேய்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. பழைய அழுக்கின்மேல் புதிய எண்ணெய் விடுவதும், கழற்றாமல் முழுப் பொறியையும் நீர்மத்தில் முக்கி எடுப்பதும் துளைக்குள் இருக்கும் பசையை முற்றிலும் நீக்குவதில்லை.

கழற்றுமுன்

சுருள்வில்லின் முறுக்கை முழுவதும் தளர்த்திய பின்னரே திருகாணிகளைத் தொட வேண்டும். முறுக்கேறிய வில் திடீரென விடுபட்டால் பற்கள் உடையும், விரலும் காயமுறும். அன்சோனியா, சேத் தாமசு போன்ற பழைய அமெரிக்கக் கடிகாரங்கள் பலவற்றில் வில் உருளைக்குள் அடங்காமல் திறந்தே இருக்கும். இவற்றில் வில்லுக்குக் கவ்வி மாட்டிவிட்டுத் தளர்த்துவர்.

கரைசல்கள்

கடிகாரப் பணியாளரிடையே பரவலாக வழங்குவது அமோனியாக் கரைசல் ஆகும். இதில் நீருடன் அமோனியாவும் ஒலீயிக் அமிலமும் கலக்கப்படுகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து ஒருவகைச் சோப்பாகி எண்ணெயைப் பிரித்தெடுக்கின்றன. எஞ்சிய அமோனியா பித்தளையின் மேலுள்ள கறையைக் கரைத்துப் பளபளப்பைத் தருகிறது. சில கலவைகளில் அசிட்டோனும் சேர்க்கப்படும். கரைசல் நீலநிறம் அடைந்தால் அதில் செம்பு கரைந்துள்ளது என்று பொருள். அச்செம்பு கடிகாரத்திலிருந்தே வந்தது.

அமோனியாவின் தீங்கு அறியப்பட்ட வரலாறு இந்தியாவுடன் தொடர்புடையது. பிரித்தானிய இந்தியப் படையினரின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்புற்றன. அவை குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. மழைக்காலத்தை ஒட்டி நிகழ்ந்ததால் இது 'பருவ வெடிப்பு' எனப் பெயர் பெற்றது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, ஈரப்பதம், உலோகத்தில் எஞ்சியிருந்த தகைவு ஆகியவை சேர்ந்ததே காரணம் என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் விளக்கினர். பழைய கடிகாரங்களின் பித்தளையும் சுத்தியால் அடித்தோ உருட்டியோ கடினமாக்கப்பட்டதால் அதிலும் இத்தகைவு உண்டு. எனவே வலுவான அமோனியாவில் இரவு முழுதும் ஊறவிடுதல் கூடாது. சில நிமிடங்களே போதும். அருங்காட்சியகக் காப்பாளர் பலர் அமோனியாவைத் தவிர்த்து, வெள்ளை ஸ்பிரிட் போன்ற பெட்ரோலியக் கரைப்பான்களையே விரும்புகின்றனர். இவை கறையை நீக்கா. ஆனால் எண்ணெயை நன்கு கரைக்கும். மங்கிய பித்தளையால் கடிகாரத்தின் ஓட்டம் கெடுவதில்லை என்பதால், பளபளப்புக்காக இடர் ஏற்பதில் பயனில்லை.

மண்ணெண்ணெய் எளிதில் கிடைப்பினும் எண்ணெய்ப்படலத்தை விட்டுச்செல்கிறது. பெட்ரோலின் ஆவி எளிதில் தீப்பற்றும். முற்காலத்தில் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நஞ்சாகும். குத்துவிளக்கு துலக்கும் புளி, எலுமிச்சை முதலிய அமிலப் பொருட்கள் இங்கு உதவா. அவை எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். அமோனியாவுடன் சலவை வெளுப்பானை ஒருபோதும் கலக்கக்கூடாது. நச்சு வளிமம் உண்டாகும்.

ஏறத்தாழ 40 கிலோ எர்ட்சு அதிர்வெண்ணில் இயங்கும் மீயொலித் தொட்டிகளும் பயன்படுகின்றன. நீர்மத்தில் தோன்றி உடையும் நுண்குமிழிகள் அழுக்கைப் பெயர்க்கின்றன. தீப்பற்றும் நீர்மங்களை இத்தொட்டியில் நேரடியாக ஊற்றக்கூடாது.

அலசுதலும் உலர்த்தலும்

நீர் கலந்த கரைசலில் கழுவியவற்றை நன்னீரில் அலசி, பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் முக்கி, வெப்பக்காற்றில் உடனே உலர்த்துவர். தாமதித்தால் எஃகில் துரு தோன்றும். பயணக் கடிகாரங்கள் சிலவற்றில் மணிக்கற்கள் அரக்கால் ஒட்டப்பட்டிருக்கும். ஆல்ககால் அரக்கைக் கரைக்கும் என்பதால் அப்பகுதிகளை அதில் ஊறவிடலாகாது. எந்தக் கரைசலைப் பயன்படுத்தினாலும் துளைகளைக் கூர்சீவிய மரக்குச்சியால் துடைத்தாக வேண்டும். குச்சி அழுக்கின்றி வெளிவரும்வரை இதைத் தொடர்வர்.

எண்ணெயிடல்

18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன், இயல்பாகவே எண்ணெய்ப்பசையுடைய மரத்தால் தாங்கிகள் அமைத்து எண்ணெயே வேண்டாத கடிகாரங்களைச் செய்தார். ஏனையவற்றுக்குக் கடிகாரத்துக்கென உள்ள எண்ணெயைத் துளைக்கு ஒரு சிறு துளி இட்டால் போதும். பற்சக்கரங்களின் பற்களுக்கு எண்ணெய் இடுவதில்லை. குழி நிரம்பி வழியுமாறு இட்டால், எண்ணெய் தகட்டின் மேல் பரவி, முனையில் நிற்க வேண்டியதையும் தன்னுடன் இழுத்துச் சென்றுவிடும்.