இடம் மாறினால் கரையும் செடி

இலங்கையின் மலைநாட்டில், மரநிழல் மூடிய ஓடைகளின் ஓரமாக, பாதி சேற்றிலும் பாதி நீரிலுமாக ஒரு செடி கிடக்கும். ஒரு சாண் உயரம் வந்தாலே அதிகம். இலையின் மேல்புறம் பழுப்பேறிய பச்சை, அடிப்புறம் மங்கிய செம்பழுப்பு. ஓடை பெருகினால் முழுதும் மூழ்கிக் கிடக்கும். நீர் இறங்கியதும் கரையில் நின்று பூக்கும். சேம்புக்கு உறவு என்பது அந்தப் பூவைப் பார்த்தால்தான் புரியும். குழல்போல் ஒரு மடல், அதன் அடியில் ஒரு சிற்றறை. வாடையில் மயங்கி உள்ளே இறங்கும் சிறு ஈயை அறைக்குள் அடைத்துவைத்து, மகரந்தம் பூசிய பிறகே வெளியே விடும். தாவரவியல் ஏட்டில் அதன் பெயர் கிரிப்டோகொரைன் பெக்கெட்டி. தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வெறும் 'கிரிப்ட்'.

இதன் பங்காளி ஒன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் உண்டு. அதன் கிழங்கைத்தான் நாட்டு மருந்துக் கடைகளில் 'நாட்டு அதிவிடயம்' என்று விற்கிறார்கள், இமயமலை அதிவிடயத்துக்குப் பதிலாக. இலங்கைச் செடிக்கு வாய்த்தது வேறு விதி.

19ஆம் நூற்றாண்டில் அந்த மலைகளில் காடு அழிந்து காப்பி ஏறிக்கொண்டிருந்தது. தமிழகத்திலிருந்து கூலிகளாகப் போனவர்கள்தான் அந்தத் தோட்டங்களில் பாடுபட்டார்கள். அதே காலத்தில் பெக்கெட் என்பவர் திரட்டிய செடிகள் பேராதனை தாவரவியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே பொறுப்பில் இருந்தவர் த்வைட்ஸ். 1869இல் காப்பி இலைகளில் துருநோய் விழுந்தபோது, நோய்கண்ட இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பி இன்னதென்று அறிந்தவர் இவர்தான். ஓடைச்செடிக்குப் பெக்கெட்டின் பெயரை வைத்தவரும் இவரே. ஆனால் அச்சில் ஏறும்முன் 1882இல் காலமானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற டிரைமென் 1885இல் அதை வெளியிட்டார். ஆக, தாவரவியல் உலகுக்குள் செடி நுழைந்தது காய்ந்த சருகாக, தாளில் ஒட்டப்பட்டு.

உயிரோடு பயணம் போகக் கண்ணாடித் தொட்டி தேவைப்பட்டது. 1850இல் லண்டனில் வாரிங்டன் என்ற வேதியியலாளர், இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் ஒரே கலத்தில் வைத்துப் பார்த்தார். அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. நத்தைகளைச் சேர்த்தார், அவை அழுகலைத் தின்றன, கலம் தெளிந்தது. மீன் விடும் மூச்சைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடும் உயிர்க்காற்றை மீன் எடுத்துக்கொள்கிறது. நீர்ச்செடி அலங்காரமல்ல, தொட்டியின் உறுப்பு என்பது அன்று முடிவானது. இன்று பிளாஸ்டிக் செடி வாங்கிப் போடுகிறவர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை, போகட்டும்.

20ஆம் நூற்றாண்டில் வெப்பமண்டல மீன்களோடு கிரிப்ட் வகைகளும் ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்தன. வேடிக்கை என்னவென்றால், இதே தீவைச் சேர்ந்த வெண்டி என்ற இன்னொரு கிரிப்டை நெதர்லாந்தின் தெ விட் 1958இல் விவரித்தது ஓடையில் கண்டு அல்ல, தொட்டியில் வளர்ந்த செடியை வைத்து.

இன்று கடையில் கிடைப்பது ஓடையில் பிடுங்கியதாக இருப்பது அரிது. 1970இல் தொடங்கிய டென்மார்க்கின் டிராபிகா போன்ற பண்ணைகள், ஈரம் நிறைந்த பசுமைக்குடிலில், நீருக்கு வெளியே இலைகள் நிற்கும்படி இதை வளர்க்கின்றன. அப்படி வளர்ந்தால் வேகம் அதிகம், பாசி ஏறாது. இன்னொரு வகை, ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் உருவாகி, கூழ் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் கப்பில் வருவது. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னை கொளத்தூரில் தொட்டியும் மணலும் வாங்கப் போகிறவர்கள் செடியையும் சேர்த்தே பார்த்துவருகிறார்கள்.

இனிதான் சிக்கல். வீட்டுக்கு வந்து நட்ட சில நாளில் இலைகள் கண்ணாடிபோல் ஊடு தெரியும், ஓட்டை விழும், பிறகு கூழாகிக் கரையும். செடி செத்தது என்று பிடுங்கி எறிபவர்கள்தான் அதிகம். உண்மையில் செத்தது பழைய இலை மட்டுமே. காற்றில் வளர்ந்த இலை நீருக்கடியில் உதவாது. மண்ணுக்குள் வேர்த்தண்டு கெட்டியாக இருந்தால், சில வாரங்களில் மெலிந்த, நீண்ட, நீருக்கே உரிய இலைகள் கிளம்பும். இடம் மாறினாலும் கரையும், வெளிச்சம் திடீரென ஏறினாலும் கரையும், வேரைக் கிளறி அரை அடி தள்ளி நட்டாலும் கரையும். இந்தச் செடிக்கு வேண்டியது பணமோ பாசமோ அல்ல, மாறாத சூழல்.

எனவே தொட்டியைச் செடிக்குமுன் தயாராக்க வேண்டும். மணலோ பொடிக்கல்லோ 2, 3 அங்குலமாவது வேண்டும். இது வேரால் உண்ணும் செடி, நீரில் ஊற்றும் உரத்தைவிட மணலுக்குள் புதைக்கும் உர மாத்திரை இதற்குப் பலன் தரும். நடும்போது குருத்து மணலுக்கு மேலே இருக்கட்டும், புதைந்தால் அழுகும். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம், அதுவும் டைமரில். நிழலில் பிறந்த செடிக்குப் பெரிய விளக்கு போட்டால் லாபம் பாசிக்குத்தான். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கட்டாயமில்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும். புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீனை அவசரப்பட்டு விடாமல் செடிக்கு அந்த நாட்களைக் கொடுத்துவிடலாம். போர் தண்ணீர் கடினமானது என்று கலங்க வேண்டாம், பெக்கெட்டி தாங்கும். ஆனால் சென்னைக் கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டினால் மேலே ஒரு சின்ன விசிறி காற்றடிக்கட்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதுதான் பலருக்கு முடிவதில்லை.

நிலைத்துவிட்டால் மணலுக்கடியில் ஓடுதண்டு விட்டுப் பக்கத்துக் கன்றுகளை எழுப்பும். தொட்டி நிறையும், மிஞ்சியதை என்ன செய்வது என்ற கேள்வி வரும். அமெரிக்காவின் டெக்சாஸில் யாரோ ஒருவர் அதை ஆற்றில் விட்டுவிட்டார் என்றே கருதுகிறார்கள். அந்த ஆறு சான் மார்க்கோஸ். சுண்ணாம்புப் பாறைக்கடியிலிருந்து ஊற்றெடுத்து வருவது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரி, தெளிந்த நீர், ஓயாத ஓட்டம். தொட்டிக்காரர்கள் விளக்கும் ஃபில்டரும் வைத்து உண்டாக்கப் பார்க்கும் மாறாத நிலை அங்கே இயற்கையாகவே இருந்தது. 1990களில் கண்ணில் பட்ட செடி, சில ஆண்டுகளில் ஆற்றடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிட்டது.

அதே ஆற்றின் மேல்பகுதியில்தான் டெக்சாஸ் காட்டு அரிசி வளர்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத அந்தப் புல், 1978இலேயே அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் இடத்தை இலங்கைக்காரன் பிடித்துவிடுவான் என்ற பயத்தில் அதிகாரிகள் ஆற்றில் இறங்கி, உறிஞ்சு குழாய் வைத்துச் செடியை வேரோடு அள்ள வேண்டியிருந்தது. வேர்த்தண்டில் ஒரு துண்டு சேற்றில் தங்கினாலும் மறுபடி துளிர்த்துவிடும் என்பதுதான் அவர்களுக்கிருந்த தலைவலி. கொளத்தூரில் வாங்கிய கப்பின் முன் உட்கார்ந்து ஒரே ஒரு புது இலைக்காகக் காத்திருப்பவர்கள் இதைக் கேட்டால் வயிறெரிவார்கள்.