விசில் அடிக்காத குக்கர்: எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் யாருக்குப் பயன்படும்? எதில் கவனம் தேவை?

"மூணு விசில் வந்ததும் அடுப்பை ஆஃப் பண்ணிடு." நம்ம ஊர் வீடுகளில் தினமும் காதில் விழும் வாக்கியம் இது. எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வந்துவிட்டால் இதற்கு வேலையே இல்லை. இந்தக் குக்கர் விசில் அடிக்காது. வேக வேண்டிய நேரத்தை பட்டனில் சொல்லிவிட்டால், முடிந்ததும் தானாகவே நின்றுவிடும்.

சோறு, பருப்பு, கறி, இட்லி, தயிர் என எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் செய்யலாம் என்று சொல்லி விற்கப்படும் இந்தக் குக்கரை வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பயன்படுத்துவது? அடுப்புப் பக்கத்தில் நிற்கும் வேலையை மட்டும்தான் மெஷின் எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு போடுவது, எப்போது திறப்பது, எதைக் கழுவுவது என்ற மூன்றும் இப்போதும் நம்ம கையில்தான் இருக்கிறது. அது பற்றி விரிவாகப் பார்க்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மூடி இறுக்கமாக இருந்தால் ஆவி உள்ளேயே தங்கி அழுத்தம் கூடும். அப்போது தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் உயரும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது.

அடுப்பில் வைக்கும் குக்கரில் அழுத்தம் அதிகமானால் வெயிட் தூக்கி ஆவியை வெளியேற்றும். அதுதான் விசில். எலக்ட்ரிக் குக்கரில் அழுத்தத்தையும் சூட்டையும் கவனிக்க சென்சார்கள் உண்டு. அழுத்தம் வந்ததும் ஹீட்டரை நிறுத்தும், குறைந்தால் மறுபடி ஆன் செய்யும். ஆவி வெளியே போக வேண்டிய தேவை இல்லாததால் சத்தமும் இல்லை.

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அடுப்புக் குக்கர் 15 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரை போகும். பெரும்பாலான எலக்ட்ரிக் குக்கர்கள் 10 முதல் 12 பி.எஸ்.ஐ. வரைதான் போகும், அதாவது சுமார் 115 முதல் 118 டிகிரி. அதனால் வேக சில நிமிஷம் கூடுதலாகும். இதில் 'சீக்கிரம் சமைக்கலாம்' என்பதை விட 'பக்கத்தில் நிற்க வேண்டாம்' என்பதுதான் நிஜமான லாபம்.

எங்கிருந்து வந்தது?

1679-ல் பிரெஞ்சு விஞ்ஞானி டெனி பாப்பின் உருவாக்கிய 'ஸ்டீம் டைஜஸ்டர்' என்ற கலம்தான் இன்றைய பிரஷர் குக்கரின் முன்னோடி. எலக்ட்ரிக் வகையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது 2010-ல் விற்பனைக்கு வந்த 'இன்ஸ்டன்ட் பாட்'. கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த ராபர்ட் வாங் இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். இவ்வளவு பிரபலமான பிராண்டை வைத்திருந்த நிறுவனமே 2023 ஜூனில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரி மனு செய்தது. எனவே எந்த பிராண்டாக இருந்தாலும், உங்கள் ஊரில் சர்வீஸும் உதிரி பாகமும் கிடைக்குமா என்று விசாரித்த பிறகு வாங்குவது நல்லது.

மூணு விசிலுக்கு எத்தனை நிமிஷம்?

புதிதாக வாங்குபவர்களின் முதல் கேள்வி இதுதான். ஆனால் விசிலை அப்படியே நிமிஷமாக மாற்ற முடியாது. தீயின் அளவு, குக்கரின் அளவு, தண்ணீர் என எல்லாவற்றையும் பொறுத்து விசில் வரும் நேரம் மாறும். கீழே உள்ளதைத் தொடக்கக் கணக்காக வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டு ருசிக்கு ஏற்ப கூட்டிக் குறைக்கலாம்.

- துவரம் பருப்பு: 8 முதல் 10 நிமிஷம்
- புழுங்கல் அரிசி (ஊறவைத்தது): 8 முதல் 10 நிமிஷம்
- முழு உருளைக்கிழங்கு: 10 முதல் 12 நிமிஷம்
- கொண்டைக்கடலை (இரவு முழுக்க ஊறியது): 20 முதல் 25 நிமிஷம்
- எலும்போடு கோழிக்கறி: 8 முதல் 10 நிமிஷம்
- ஆட்டுக்கறி: 25 முதல் 30 நிமிஷம்

இந்த நேரம் அழுத்தம் வந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். அழுத்தம் ஏற 10 முதல் 15 நிமிஷம், அடங்க இன்னொரு 10 முதல் 15 நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள். "8 நிமிஷத்தில் பருப்பு ரெடி" என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் இன்னும் நேரம் தேவை. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 5 சதவீத நேரம் கூட்ட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி ஊட்டியில் 20 நிமிஷக் கொண்டைக்கடலைக்கு சுமார் 25 நிமிஷம் வைக்க வேண்டும்.

சோறும் பருப்பும் ஒரே நேரத்தில் வேண்டுமா? நம்ம பழைய அடுக்குப் பாத்திர முறை இதிலும் வேலை செய்யும். உள் பாத்திரத்தில் ஒன்றரை கப் தண்ணீர் ஊற்றி, ஸ்டாண்ட் வைத்து, அதன் மேல் பாத்திரங்களை அடுக்கினால் போதும்.

இட்லிக்கும் தயிருக்கும் சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் இட்லியை அழுத்தத்தில் வேகவைக்கக் கூடாது. அடுப்புக் குக்கரில் வெயிட் போடாமல் அவிப்பது போல, இதிலும் ஆவி வால்வைத் திறந்தே வைக்க வேண்டும். அழுத்தம் வராததால் பல மாடல்களில் டைமர் ஓடாது. ஆவி வர ஆரம்பித்ததும் செல்போனில் 10 முதல் 12 நிமிஷம் அலாரம் வைத்துவிட்டு, அடித்ததும் நீங்களே ஆஃப் செய்ய வேண்டும்.

தயிர் மோடு சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பைப் பல மணி நேரம் அப்படியே வைத்திருக்கும். டொரன்டோ, லண்டன் போன்ற குளிர் ஊர்களில் இருக்கும் தமிழர்கள் இட்லி மாவு புளிக்க வைக்க இதைப் பயன்படுத்துவது வழக்கம். மாவு பொங்கும் என்பதால் பாதி அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். பிரஷர் மூடிக்குப் பதில் சாதாரணத் தட்டு போட்டு மூடினால் மாவு வால்வில் போய் அடைக்காது.

கரன்ட் பில் எகிறுமா?

6 லிட்டர் குக்கர் பொதுவாக 1,000 வாட். ஆனால் அது முழு நேரமும் 1,000 வாட் இழுக்காது. அழுத்தம் ஏறும் வரைதான் முழு வேகத்தில் ஓடும், பிறகு விட்டு விட்டு ஓடும். 15 நிமிஷம் முழு வேகத்தில் ஓடினால் கால் யூனிட். பிறகு ஆகும் செலவையும் சேர்த்து ஒரு சமையலுக்கு 0.4 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரண்டு முறை என்றால் இரண்டு மாதத்துக்கு 48 யூனிட் வரும். தமிழ்நாட்டில் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் கூடும். எனவே உங்கள் பழைய பில்லில் 48-ஐக் கூட்டி, எந்த வரம்பில் விழுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூடி திறக்கவில்லையா? அப்படியே விடுங்கள்

விசில் குக்கரில் சத்தமே நமக்கு எச்சரிக்கை. இதில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மூடியில் உள்ள சின்ன பின்தான் சொல்லும். பின் மேலே இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. கீழே இறங்கினால்தான் திறக்கலாம். மூடி திறக்க வரவில்லை என்றால் பலம் போட்டுத் திருப்பவே கூடாது.

அடுத்தது, அளவு. பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அரிசி, பருப்பு, கடலை போன்ற பொங்கும், ஊதும் பொருட்கள் என்றால் பாதிக்கு மேல் வேண்டாம். பருப்பு, கஞ்சி வேகும்போது நுரை கட்டும். உடனே வால்வைத் திறந்தால் கொதிக்கும் நுரை சீறி அடிக்கும். அவற்றுக்கு அழுத்தம் தானாக அடங்கும் வரை பொறுங்கள். காய்கறிக்கு உடனே ஆவியை விட வேண்டியிருந்தால், நீளமான கரண்டியால் வால்வைத் திருப்பி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வால்வின் மேல் துணி போடாதீர்கள்.

சில நேரம் தவறு மெஷினிலேயே இருக்கும். 2025 மே மாதம் அமெரிக்காவில் 'நிஞ்சா ஃபூடி' குக்கர்கள் சுமார் 18 லட்சம் திரும்பப் பெறும் அறிவிப்பில் சேர்க்கப்பட்டன. அழுத்தம் இருக்கும்போதே மூடி திறந்துகொள்ள வாய்ப்பு இருப்பதாகவும், 100-க்கும் மேற்பட்ட தீக்காயப் புகார்கள் வந்ததாகவும் அந்த நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தெரிவித்தது. பின் இறங்காமலேயே மூடி திறக்கிறது என்றால், அந்தக் குக்கரை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

ஆவி பட்டுவிட்டால், குழாய் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், மாவு, இங்க், ஐஸ் எதுவும் வைக்க வேண்டாம். முகம், கண், குழந்தைகள் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ராஜ்மாவுக்கு 'ஸ்லோ குக்' வேண்டாம்

பலருக்கும் தெரியாத ஆபத்து இது. ராஜ்மாவில் 'ஃபைட்டோஹீமக்ளூட்டினின்' என்ற நச்சு இயற்கையாகவே உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். மெதுவாக வேகவைக்கும் 'ஸ்லோ குக்' மோடில் சூடு போதாமல் போகலாம். பார்க்க வெந்தது போலவே இருக்கும், ஆனால் சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். ராஜ்மாவை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பிரஷர் மோடில் 20 முதல் 25 நிமிஷம் வேகவைப்பதே சரி.

டைமர் வசதியிலும் கவனம் வேண்டும். இரவே போட்டு வைத்து காலையில் வேகும்படி செட் செய்யலாம். ஆனால் கறி, மீன், பால் இதற்கு ஆகாது. நம்ம ஊர் வெயிலில் மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அவை கெட்டுவிடும். பிறகு வேகவைத்தாலும் சில கிருமிகள் உண்டாக்கிய நச்சு போகாது. சமைத்த சோற்றை ஆறவிட்டு பாத்திரத்திலேயே வைப்பதும் தவறு. ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

'பர்ன்' என்று காட்டினால்?

அடி பிடிக்கிறது என்று அர்த்தம். தாளித்துவிட்டு அப்படியே மூடும்போது இது அடிக்கடி வரும். வதக்கி முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அடியில் ஒட்டிய மசாலாவை மரக் கரண்டியால் சுரண்டி விடுங்கள். தக்காளி விழுது போன்ற கெட்டியான பொருட்களைக் கிளறாமல் மேலே போடுங்கள். புளிக்கரைசலைப் பருப்பு வெந்த பிறகு சேர்ப்பதே நல்லது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேக நேரமாகும்.

கழுவுவதில்தான் ஆயுள்

மூடியில் உள்ள சிலிக்கான் ரப்பர் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். நேற்று மட்டன், இன்று பாயசம் என்றால் வித்தியாசம் தெரியும். இனிப்புக்குத் தனி ரப்பர் வைத்துக்கொள்ளலாம். வெடிப்பு, தளர்வு தெரிந்தால் உடனே மாற்றவும். இல்லாவிட்டாலும் ஒன்று, ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆவி வால்வையும், அதன் உள்பக்க ஜல்லி மூடியையும் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். அங்கே பருப்புத் தோல் அடைத்தால் ஆவி போக வழி இருக்காது.

அவசரத்தில் பலர் செய்யும் தவறு, உள் பாத்திரத்தை வைக்காமலேயே அரிசியையும் தண்ணீரையும் ஊற்றிவிடுவது. ஹீட்டரும் சர்க்யூட்டும் கீழேதான் இருக்கின்றன. அப்படி ஊற்றிவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள், ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

- வோல்டேஜ்: அமெரிக்கா, கனடாவில் இருந்து உறவினர்கள் கொண்டுவரும் குக்கர் 120 வோல்ட்டுக்கானது. நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கெட்டுவிடும்.
- அளவு: இரண்டு பேருக்கு 3 லிட்டர், நான்கைந்து பேருக்கு 6 லிட்டர். பாதிதான் நிரப்ப முடியும் என்பதை மறக்க வேண்டாம்.
- பிளக்: எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில் நேரடியாகச் செருகவும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்ஷன் அடுப்போடு சேர்த்துப் போடாதீர்கள்.
- இடம்: கேஸ் அடுப்பின் மேல் வைக்கவே கூடாது. தெரியாமல் பர்னரைத் திருப்பிவிட்டால் அடிப்பாகம் உருகிவிடும். தலைக்கு மேல் மர அலமாரி இல்லாத இடமாகப் பாருங்கள்.

யாருக்குத் தேவை?

காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே சமைப்பவர்கள், கேஸ் அடுப்பு வைக்க முடியாத அறையில் இருப்பவர்கள், விசிலை எண்ண மறந்துவிடும் வயதானவர்கள் ஆகியோருக்கு இது நிஜமாகவே உதவும். வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுத்தால், முதல் ஒரு வாரம் யாராவது கூடவே இருந்து பழக்க வேண்டும். அடிக்கடி கரன்ட் போகும் ஊர் என்றாலோ, அடுப்புப் பக்கத்தில் நிற்பது உங்களுக்குச் சிரமமே இல்லை என்றாலோ, பழைய குக்கரே போதும். எதை வைத்திருந்தாலும், பின் இறங்கியதா என்று பார்த்த பிறகே மூடியில் கை வையுங்கள்.